எகிப்துல சிங்கத்தலை வெச்ச சாமி எல்லாம் செக்மெட் இல்ல

கேள்வி இதுதான்: எகிப்து மியூசியம் போட்டோல சிங்கத்தலையும் பொம்பள உடம்புமா ஒரு சிலை வந்தா எல்லாரும் செக்மெட்னு சொல்றாங்க, சில எடத்துல அதே மாதிரி சிலைக்குக் கீழ பாஸ்டெட்னு எழுதியிருக்கு, பாஸ்டெட் பூனை சாமி ஆச்சே, அப்ப எது சரி? எத்தனை சிங்கத்தலை சாமி இருக்கு? நம்ம நரசிம்மருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

மூணையும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். எகிப்துக்காரங்க சாமிக்கு மிருகத்தலை வெச்சது "இவங்க முகம் இப்படித்தான் இருக்கும்"னு சொல்றதுக்கு இல்ல, இப்ப இந்த சாமி எந்த குணத்துல இருக்குன்னு காட்டுறதுக்கு. சிங்கத்தலைன்னா உக்கிரம். சூரியனோட சூடு, கோவம், கொல்ற சக்தி, கூடவே எதிரிகிட்டேருந்து காப்பாத்துற சக்தி. இதை எந்த பெண் தெய்வமும் எடுத்துக்கலாம். செக்மெட் எப்பவுமே அந்த நிலையில இருக்கிறவ, அதனால அவ பேரு முன்னாடி வந்து நிக்குது, ஆனா முட், டெஃப்னுட், பாஸ்டெட், வட்ஜெட், பாகெட், மெஹிட், மென்ஹிட்னு ஒரு பெரிய பட்டாளமே இதே தலையோட நிக்கும். கல்லுல பேரு எழுதலேன்னா பல சமயம் ஆராய்ச்சியாளருக்கே கண்டுபிடிக்க முடியாது.

செக்மெட்ங்கிற பேருக்கு அர்த்தமே "சக்தி உள்ளவ"ன்னுதான். செகெம்னா பலம், அதிகாரம். (செஸ்ல வர்ற செக்மேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அதையும் ஒருத்தர் கேட்டார், அதான் சொல்லிடறேன்.) சொந்த ஊர் மெம்ஃபிஸ், இன்னைக்கு கெய்ரோவுக்குத் தெக்கால. புருஷன் ப்டா, சிற்பிகளோட சாமி, மகன் நெஃபெர்டும், தலையில தாமரைப்பூ வெச்சிருப்பான்.

சிலையைக் கிட்டக்க பாத்தீங்கன்னா அதுல ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கு. மனுஷ உடம்பு மேல மிருகத்தலையை வெச்சா கழுத்துல ஒட்டு தெரியணும், அசிங்கமாதான் இருக்கணும், இல்லையா? தெரியவே தெரியாது. ஏன்னா நீளமான விக் ஒண்ணு ரெண்டு பக்கமும் மார்பு மேல தொங்கும், முகத்தைச் சுத்தி பிடரி மாதிரி ஒரு வளையம் கோடு கோடா செதுக்கியிருப்பாங்க, அந்தப் பிடரி எங்க முடியுது விக் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லவே முடியாது. காது பின்னாடி ஒட்டினாப்ல வட்டமா இருக்கும். தலை மேல சூரிய வட்டு, அதுக்கு முன்னாடி படமெடுத்த நாகம். மார்புல ரெண்டு பக்கமும் பூ மாதிரி ஒரு சுழி இருக்கும், நெறைய பேர் வெறும் அலங்காரம்னு விட்டுடுவாங்க, ஆனா நிஜ சிங்கத்தோட தோள்பட்டையில முடி சுழிச்சு வளர்ற எடம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் இங்க கொண்டு வந்திருக்காங்கன்னு ஒரு கருத்து உண்டு. உக்காந்த சிலைன்னா கையில அங்க், அதாவது உயிருக்கான குறி. நிக்கிற சிலைன்னா இடது கையில பாப்பிரஸ்ங்கிற நாணல் தண்டு. சிங்காசனத்தோட பக்கவாட்டுல தாமரையும் பாப்பிரஸும் முடிச்சு போட்டாப்ல இருக்கும், மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒண்ணுன்னு அர்த்தம்.

இப்ப உலகம் பூரா மியூசியத்துல பாக்குற கறுப்புக் கல் செக்மெட் சிலை பெரும்பாலும் ஒரே ஒரு ராஜா செஞ்சது. மூணாம் அமென்ஹோடெப், கி.மு. 1390லேருந்து 1352 வரைக்கும்னு சுமாரா கணக்கு. நைல் நதிக்கு மேற்குக் கரையில கோம் எல் ஹெட்டான்ல அவன் கட்டின கோயில்லயும், எதிர்க்கரையில கர்னாக் பக்கத்துல முட் கோயில்லயும் வரிசை வரிசையா நூத்துக்கணக்குல கிடைச்சிருக்கு. மொத்தம் 730 இருந்திருக்கும், வருஷத்துல ஒரு நாளைக்கு உக்காந்த சிலை ஒண்ணு, நிக்கிற சிலை ஒண்ணுன்னு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஜான் யோயோட் ஒரு கணக்கு சொன்னார். அதாவது கல்லுலயே ஒரு அர்ச்சனை, தினமும் ஒரு பேர் சொல்லிக் கும்பிடுற மாதிரி, ஏன்னா பல சிலையில செக்மெட்டுக்கு வேற வேற பட்டப்பேர் செதுக்கியிருக்கு. 1998லேருந்து ஹூரிக் சூருசியான் தலைமையில அந்த மேற்குக் கரைக் கோயில்ல தோண்டுறாங்க, இன்னும் மண்ணுக்குள்ளேருந்து செக்மெட் வந்துக்கிட்டே இருக்கா. இத்தாலியில டூரின் மியூசியத்துல மட்டும் 21 இருக்கு.

ஏன் இத்தனை? ராஜாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றவங்க உண்டு, நாட்டுல கொள்ளைநோய்னு சொல்றவங்க உண்டு, அவனோட ஜூபிலி திருவிழாவுக்குன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு மூணாவதுதான் பொருத்தமா படுது, ஆனா மூணுமே ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காது. இதுல தமாஷ் என்னன்னா இதே ராஜாதான் பட்டத்துக்கு வந்த முதல் பத்து வருஷத்துல தன் கையாலயே 102 சிங்கம் வேட்டையாடினேன்னு வண்டு உருவ முத்திரையில எழுதி நாடு பூரா அனுப்பி வெச்சவன். கோயில்ல சிங்கத்துக்கு பூஜை, காட்டுல அம்பு. அவங்களுக்கு அதுல முரண்பாடு எதுவும் தெரிஞ்சிருக்காது, சிங்கத்தைக் கொன்னாதான் சிங்கத்தோட பலம் ராஜாவுக்கு வருது.

செக்மெட்டோட முக்கியமான கதைக்கு வருவோம். இது டுடன்காமன் கல்லறையில இருந்த தங்க முலாம் பூசின பெரிய பெட்டியோட உள்பக்கத்துலயும், முதலாம் செட்டிங்கிற ராஜாவோட கல்லறைச் சுவர்லயும் எழுதியிருக்கு. ரா, சூரிய சாமி, கிழவனாயிட்டார், எலும்பு வெள்ளியா, சதை தங்கமா, முடி நீலக்கல்லா மாறிடுச்சு. மனுஷங்க அவருக்கு எதிரா சதி பண்றாங்க. அவர் மத்த சாமிகளை ரகசியமா கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேக்குறார், உன் கண்ணை அனுப்புன்னு சொல்றாங்க. இங்க கண்ணுங்கிறது ராவோட மகள், அவருக்குள்ளேருந்து தனியா பிரிஞ்சு போகக்கூடிய ஒரு சக்தி. ஹாதோர் ரூபத்துல அவ கிளம்புறா, பாலைவனத்துக்கு ஓடிப்போன ஜனங்களைக் கொல்றா, திரும்பி வந்து மனசுக்கு இதமா இருந்துச்சுங்கிறா. செக்மெட் உண்டானது இப்படித்தான்னு அந்த எழுத்து சொல்லுது. கவனிங்க, ஹாதோர்னா பசு ரூபத்துல சாந்தமான அம்மா, காதல், சங்கீதம், அவளேதான் இவ.

இப்ப ராவுக்குப் பயம் வந்துடுச்சு, இப்படியே விட்டா ஒருத்தன் கூட மிஞ்ச மாட்டான். ஓடத் தெரிஞ்ச ஆளுங்களை எலிஃபன்டைனுக்கு, இன்னைக்கு அஸ்வான் இருக்கிற எடத்துக்கு அனுப்பி சிவப்புக் காவிக்கல் கொண்டு வரச் சொல்றார். அதை அரைக்கிறாங்க, வேலைக்காரப் பொண்ணுங்க பார்லி இடிச்சு பீர் காய்ச்சுறாங்க, ரெண்டையும் கலந்து 7,000 ஜாடி ரெடி ஆகுது, பாக்க ரத்தம் மாதிரியே இருக்கு. விடியறதுக்கு முன்னாடி அதை வயல்ல கொட்டுறாங்க, மூணு உள்ளங்கை உயரத்துக்கு நிக்குது. காலையில அவ வர்றா, அதுல தன் முகம் அழகாத் தெரியுது, குடிக்கிறா, நல்லா ஏறிடுது, மனுஷங்களை அடையாளமே தெரியாம திரும்பிப் போயிடறா. முடிஞ்சுது. வருஷா வருஷம் திருவிழாவுல அவளுக்காக இந்த பானம் செய்யணும்னு ரா உத்தரவு போடறார். ஆனா அவருக்கு மனுஷங்க மேல வெறுத்துப் போச்சு, பசுவா மாறின வானத்தோட முதுகுல ஏறிப் போயிடறார், அதுக்கப்புறம்தான் இப்ப நாம பாக்குற மாதிரி வானம் மேலயும் மனுஷன் கீழயும்.

இது சும்மா கதைக்காக சொன்ன கதை இல்ல, காலண்டரோட பின்னிக்கிட்டது. எகிப்து வருஷம் 30 நாள் வீதம் 12 மாசம், கடைசியில அஞ்சு நாள் தனியா ஒட்டு. அந்த அஞ்சு நாளும் பயங்கரம், ஏன்னா நல்ல வெயில் காலம், நைல் தண்ணி வத்திக் கெடக்கும், காய்ச்சலும் வயித்துப்போக்கும் பரவுற நேரம். செக்மெட்டோட தூதுவங்க நோயைத் தூக்கிக்கிட்டு அலையறாங்க, அவ அம்பு விடறான்னு பயம். கழுத்துல துணித்துண்டு கட்டுவாங்க, அதுல மந்திரம் எழுதி சாமி படம் வரைஞ்சிருக்கும். அப்புறம் வெள்ளம் வரும், எத்தியோப்பிய மலை மண்ணைக் கரைச்சுக்கிட்டு செம்பழுப்பு நெறத்துல வரும், சிவப்பு பீர் கதைக்கும் இந்த சிவப்புத் தண்ணிக்கும் முடிச்சு போடறவங்க இருக்காங்க, எனக்கும் அது சரியாதான் தோணுது. சினுஹே கதைன்னு ஒரு பழைய இலக்கியம் உண்டு, அதுல ராஜா மேல இருக்கிற பயத்தை சொல்லும்போது கொள்ளைநோய் வருஷத்து செக்மெட் மாதிரின்னு ஒரு உவமை வரும். படிக்கிறவனுக்கு விளக்கமே தேவைப்படல பாருங்க.

நோயைக் குடுக்கிறவகிட்டதான் மருந்தும் இருக்கும், இந்த லாஜிக்கை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அம்மை போட்டா அம்மன்தானே. எகிப்துல செக்மெட் பூசாரிங்க வைத்தியத்துல கை வெச்சவங்க. ஏபர்ஸ் பாப்பிரஸ்னு கி.மு. 1500 வாக்குல எழுதின மருத்துவச் சுருள்ல நாடி பத்தி வர்ற பகுதி இப்படிப் போகும்: வைத்தியனோ, செக்மெட் பூசாரியோ, மந்திரக்காரனோ எவன் கை வெச்சுப் பாத்தாலும் தலையிலயும் கையிலயும் கால்லயும் இதயம்தான் பேசுதுன்னு. மூணு பேரையும் ஒரே வரியில சேத்து எழுதியிருக்கான். இதே பூசாரிங்கதான் பலி குடுக்குற மாடு சுத்தமா இருக்கான்னு பாத்து சர்டிஃபிகேட் குடுக்குற ஆளுங்களும்.

முட் கோயிலைப் பத்தி சொல்லாம விட முடியாது. முட், கர்னாக்கோட பெரிய சாமி ஆமுனோட பொண்டாட்டி, சாதாரணமா மனுஷ முகம், தலையில கிரீடம். ஆனா அவளுக்கும் சிங்க ரூபம் உண்டு, அவ கோயிலைச் சுத்தி லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு குளம் இருக்கு, இஷெருன்னு பேரு. சிங்க தேவதைகளுக்கு இந்த மாதிரி குளம்தான் வெட்டுவாங்க, மூணு பக்கமும் தண்ணி, சூட்டைத் தணிக்கிறதுக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி பெட்ஸி பிரையன் குழு அங்க தோண்டினப்ப ராணி ஹட்ஷெப்சுட் கட்டின ஒரு மண்டபத்தோட தூண் கெடைச்சுது, எழுத்துல அதுக்குப் பேரே போதை மண்டபம். ராத்திரி ஜனங்க கூடி நெஜமாவே மட்டையாகுற அளவுக்குக் குடிச்சு, அங்கயே தூங்கி, விடியக்காலையில மேளச்சத்தத்துல எந்திரிச்சு சாமியைப் பாக்கணும். மேல சொன்ன கதையை உடம்பால நடிச்சுக் காட்டுறாங்க.

சரி, பாஸ்டெட். பூனைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆரம்பத்துல அவ பூனையே இல்ல. ரெண்டாம் ராஜவம்ச காலத்துக் கல் பாத்திரங்கள்ல அவளை செதுக்கியிருக்காங்க, சுத்தமான பெண்சிங்கத்தலை. ஆயிரத்தைஞ்நூறு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடுது. அப்புறம் வீட்டுப்பூனை ஜனங்ககிட்ட செல்லமாகுது, கி.மு. 945 வாக்குல அவ ஊரான புபாஸ்டிஸோட தொடர்புள்ள லிபிய வம்சம் ஆட்சிக்கு வருது, அதுக்கப்புறம்தான் பூனைத்தலை பாஸ்டெட், காதுல கம்மல் போட்ட வெண்கலப் பூனை எல்லாம் குவியுது. கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுல கிரேக்கர் ஹெரோடோட்டஸ் அந்த ஊர்த் திருவிழாவைப் பத்தி எழுதியிருக்கார், படகு படகா ஆணும் பொண்ணும், கிலுகிலுப்பையும் புல்லாங்குழலும், வழியில இருக்கிற ஊர்ப் பொம்பளைங்களைப் பாத்துக் கேலி, பாவாடையைத் தூக்கிக் காட்டுறது வரைக்கும். 7 லட்சம் பேர்னு உள்ளூர்க்காரங்க சொன்னாங்களாம், நம்புறது உங்க இஷ்டம். வருஷம் பூரா குடிக்கிற வைனை விட அந்தத் திருவிழாவுல அதிகம் செலவாகும்னும் எழுதியிருக்கார். பாருங்க, இங்கயும் குடி. அஸ்வான் பக்கத்துல இருக்கிற ஃபிலே கோயில்ல ஹாதோர் பத்தி ஒரு வரி இருக்கு, கோவத்துல செக்மெட், சாந்தத்துல பாஸ்டெட்னு. உங்க முதல் கேள்விக்கு இதைவிட சுருக்கமான பதில் இல்ல.

பாகெட்டை நெறைய பேருக்குத் தெரியாது, பேருக்கு அர்த்தம் "பிறாண்டுறவ". மத்திய எகிப்துல பெனி ஹசன் பக்கத்துல மலையைக் குடைஞ்சு ஹட்ஷெப்சுட் இவளுக்கு ஒரு கோயில் எடுத்தா, கிரேக்கருங்க வந்து இது நம்ம ஆர்டெமிஸ்தான்னு சொல்லிட்டதால ஸ்பியோஸ் ஆர்டெமிடோஸ்னு பேர் நிலைச்சுடுச்சு. அந்தப் பக்கத்துல பிற்காலத்துல பூனை மம்மியைக் கோடிக்கணக்குல இல்லேன்னாலும் லட்சக்கணக்குல புதைச்சிருந்தாங்க. 1888ல ஒரு விவசாயி மண்ணு தோண்டும்போது மாட்டுச்சு, 1890ல சுமார் 19 டன் பூனை மம்மி கப்பல் ஏறி லிவர்பூல் போய் ஏலத்துல உரமா வித்துச்சு, இங்கிலாந்து வயல்ல தூவிட்டாங்க. ஏலம் விட்டவர் ஒரு பூனை மண்டையோட்டையே சுத்தியலா பயன்படுத்தினார்னு அந்தக் காலத்து செய்தி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

டெஃப்னுட் கதை தனி ரகம். அவ காத்து சாமி ஷுவோட சகோதரி, படைப்புல முதல் ஜோடி. அப்பா ராவோட சண்டை போட்டுட்டு நூபியாவுக்கு, தெக்கே பாலைவனத்துக்கு, கோவிச்சுக்கிட்டுப் போயிடறா, சிங்கமா திரியறா, நெருப்பு கக்கறா. அவ இல்லாம எகிப்து களையிழந்து போகுது. தோத்ங்கிற அறிவு சாமியை குரங்கு வேஷத்துல அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க, அவர் மிரட்டல, வழி நெடுக கதை சொல்லியே மனசை மாத்துறார். அதுல ஒரு கதை, வலையில மாட்டின சிங்கத்தை எலி கடிச்சு விடுவிக்கிற கதை, ஆமா, நாம ஸ்கூல்ல ஈசாப் கதைன்னு படிச்ச அதேதான். நெதர்லாந்துல லைடன் மியூசியத்துல இருக்கிற, டெமாட்டிக்ங்கிற பிற்கால எகிப்து எழுத்துல எழுதின பாப்பிரஸ் சுருள்ல இது முழுசா இருக்கு. திரும்பி வரும்போது ஃபிலே பக்கம் தண்ணியில குளிச்சு சூடு தணிஞ்சு, பாட்டும் கூத்துமா வரவேற்பு.

ஆம்பள சிங்கம் இல்லையான்னா இருக்கு, ஆனா கம்மி. மாஹெஸ்னு ஒருத்தர், பாஸ்டெட்டோட மகன், கையில கத்தி. ஊரு லியோன்டோபோலிஸ், சிங்க ஊர்னு கிரேக்கருங்க வெச்ச பேர். அங்க கோயில்ல நெஜ சிங்கத்தை வளத்தாங்க, தினம் மாட்டுக்கறி போட்டு, அது சாப்பிடும்போது பாட்டு பாடினாங்கன்னு ஏலியன்னு ஒரு ரோமானிய எழுத்தாளர் குறிச்சு வெச்சிருக்கார். பெண்சிங்கம் ஏன் அதிகம்னா, கூட்டத்துல வேட்டையாடுறது பெரும்பாலும் அதுதான், குட்டிக்காக உயிரை விடறதும் அதுதான், அதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு ராவோட மகளை வேற எப்படி வரையத் தோணும். ஸ்ஃபிங்க்ஸ் இதுல சேராது, அது தலைகீழ், சிங்க உடம்புல ராஜா தலை. செத்தவங்க இதயத்தை முழுங்குற அம்மிட்டும் சேராது, அது முதலைத் தலை, முன்பாதிதான் சிங்கம்.

நரசிம்மர் விஷயம். எகிப்துக்கும் அவருக்கும் தொடர்பு காட்டுற ஆதாரம் எதுவும் இல்ல. ஆனா இந்தக் கேள்வி முட்டாள்தனமானதும் இல்ல, ஏன்னா படிச்சவங்களே இதைக் கேட்டிருக்காங்க, எகிப்தை வெச்சு இல்ல, அதுக்குத் தெக்கே இருந்த மெரோ ராஜ்ஜியத்தை வெச்சு. இன்னைக்கு சூடான். அங்க அபெடெமாக்னு ஒரு சிங்கத்தலை போர் சாமி, எகிப்து சாமி இல்ல, குஷ் நாட்டோட, அதாவது அந்த மெரோ ராஜ்ஜியத்தோட சொந்த சாமி. முசவ்வரத்ல கி.மு. மூணாம் நூற்றாண்டுல அர்னெகமானி ராஜா கட்டின கோயில் ஒண்ணு, நாகாவுல கி.பி. முதல் நூற்றாண்டுல நடகமானியும் ராணி அமானிடோரேயும் கட்டினது ஒண்ணு. நாகா கோயிலோட பின் சுவர்ல அபெடெமாக் மூணு சிங்கத்தலை, நாலு கையோட நிக்கிறார், பக்கவாட்டுல தாமரையிலேருந்து பாம்பு உடம்போட எழுந்து வர்றார். தாமரை, பல தலை, நாலு கைன்னதும் இந்தியாவுலேருந்து வந்துச்சோன்னு சில பழைய ஆராய்ச்சியாளருங்க ஆசைப்பட்டாங்க. இப்ப யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கறதில்ல. சுவரைப் பாத்தா காரணம் புரியும்: ஒரு பக்கத்துலேருந்து ராஜா வர்றார், இன்னொரு பக்கத்துலேருந்து ராணி வர்றா, சாமி ரெண்டு பேரையும் பாக்கணும், ரெண்டு பேருக்கும் கை நீட்டணும், நடுவுல நேரா நம்மளையும் பாக்கணும். சிற்பிக்கு வந்த கஷ்டம் அது.

கடைசியா அடையாளம் கண்டுபிடிக்கிற விஷயம். முதல்ல பேரு, அடிப்பீடத்துலயோ சிங்காசனத்துலயோ எழுதியிருக்கான்னு பாருங்க. எந்த ஊர்ல கெடைச்சுதுன்னு பாருங்க. சூரிய வட்டை மட்டும் நம்பாதீங்க, எல்லாருமே அதை வெச்சிருப்பாங்க. வெண்கலத்துல சின்னதா உக்காந்த சிங்கத்தலைப் பெண் சிலை நெறைய கெடைக்கும், லேபிள்ல செக்மெட்னோ பாஸ்டெட்னோ போட்டிருப்பாங்க, ஆனா எழுத்து இருக்கிற பலதுல வட்ஜெட்னு இருக்கு, புடோ ஊரோட நாக தேவதை, சிலதுக்குள்ள கீரி மம்மி கூட வெச்சிருக்கு. நாக தேவதைக்கு சிங்கத்தலை, உள்ள கீரி. பாம்புக்குள்ள கீரியை எதுக்கு வெச்சாங்கன்னு யோசிச்சுக்கிட்டே ஒரு ராத்திரி தூக்கம் போச்சு எனக்கு.

லக்ஸர் போனீங்கன்னா கர்னாக்ல பெரிய தூண் மண்டபத்தோட திரும்பிடாதீங்க. வடக்கு மதில் ஓரமா ப்டாவுக்கு ஒரு சின்ன கோயில் இருக்கு, கூட்டமே இருக்காது. உள்ள ஒரு இருட்டு அறையில செக்மெட் நிக்கிறா, கறுப்புக் கல், ஆள் உயரத்துக்கு மேல, கையில பாப்பிரஸ் தண்டு. கூரையில இருக்கிற சின்ன ஓட்டை வழியா வர்றதுதான் வெளிச்சம். கண்ணு பழகுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அப்புறம் மூக்கு தெரியும், அப்புறம் வாய்.